கொஞ்சம் தள்ளிவிட்டால் சிட்னி

லண்டனிலிருந்து சிட்னி எவ்வளவு தூரம் என்று கேட்டால், கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு 17,000 கிலோமீட்டர் என்று சொல்லிவிடும். எவ்வளவு நேரம் ஆகும் என்றால், வழியில் ஒரு ஊரில் இறங்கி ஏறி ஒருநாள் பொழுது என்று சொல்லும். முதல் பதில் பூமி உருண்டையான காலத்திலிருந்து மாறவில்லை. இரண்டாவது பதில்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைக் குறைத்த புகழை விமானிகளும் கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிளறினால், தரையில் நின்று தள்ளியவர்கள், பிடித்தவர்கள், இழுத்தவர்கள் என்று பெரிய கூட்டமே வெளியே வருகிறது. சாதனைப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

இந்த வழித்தடத்தில் முதல் சர்வீஸ் விட்டது பிரிட்டிஷ் அரசாங்கம். டிக்கெட் இலவசம். ஒரே ஒரு தகுதி வேண்டும்: எதையாவது திருடியிருக்க வேண்டும். பெரிய கொள்ளையெல்லாம் தேவையில்லை. கொஞ்சம் துணிமணி, ஒரு வாய் சாப்பாடு போதும். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பின. பாட்டனி விரிகுடாவில் போய் நின்றது 1788 ஜனவரியில். எட்டு மாதம். வழியில் ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் எல்லாம் உண்டு. இதே சுற்றுக்கு இன்றைக்கு ஒரு டிராவல்ஸ்காரர் என்ன விலை சொல்வார் என்று யோசித்தால் திருடர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும். திரும்பி வரும் டிக்கெட் மட்டும் தரவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் பல்லாயிரம் வருஷமாக மக்கள் குடியிருந்ததை, வந்தவர்கள் கண்ணில் படாததுபோல் நடந்துகொண்டார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதால் மேலே போகலாம்.

கப்பலில் பாய் போய் நீராவி வந்தது. எட்டு மாதம் ஆறு வாரமாகக் குறைந்தது. 1919-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் சமாதான மாநாட்டுக்காக ஐரோப்பாவில் இருந்தார். அங்கே யுத்தம் முடிந்து வேலையில்லாமல் நின்ற ஆஸ்திரேலிய விமானிகள், கப்பல் வேண்டாம், பறந்தே ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹியூஸ் ஒரு போட்டியை அறிவித்தார். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு. விமானம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் செய்ததாக இருக்க வேண்டும். 1920 முடிவதற்குள் வந்து சேர வேண்டும். ரைட் சகோதரர்கள் தரையை விட்டுக் கிளம்பியே 16 வருஷம்தான் ஆகியிருந்தது. வழியில் விமான நிலையம் என்று சொல்லும்படி பல ஊர்களில் ஒன்றும் இல்லை. ஆனால் பிரிட்டிஷ்காரன் போன இடமெல்லாம் குதிரைப் பந்தய மைதானம் கட்டியிருந்தான். அது போதும் என்று முடிவு செய்தார்கள். ஏகாதிபத்தியத்தின் சூதாட்டப் பழக்கத்தால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

ஆறு குழுக்கள் கிளம்பின. ஒரு விமானம் லண்டனைத் தாண்டுவதற்குள் விழுந்து இருவர் இறந்தார்கள். இன்னொன்று கோர்ஃபு தீவருகே கடலில் போனது, அதிலும் இருவர். இதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. மூன்றாவது விமானத்தின் பெயர் பிளாக்பர்ன் கங்காரு. அது கிரீட் தீவில் ஒரு மனநல மருத்துவமனையின் சுவரோரம் போய் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் மரச்சட்டத்தில் துணி போர்த்தி ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கலாம் என்று கிளம்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜெயித்தது நான்கு பேர்: ராஸ் ஸ்மித், அவர் அண்ணன் கீத் ஸ்மித், மெக்கானிக்குகள் வாலி ஷியர்ஸ், ஜிம் பென்னட். விமானம் விக்கர்ஸ் விமி, யுத்தத்தில் குண்டு போடச் செய்தது. உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. பதிவெண்ணின் ஐந்து எழுத்தும் சேர்ந்து 'எங்கள் எல்லாரையும் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்' என்பதன் சுருக்கம் என்று அவர்களே கிண்டல் செய்துகொண்டார்கள். 1919 நவம்பர் 12 அன்று லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். முதல் நாளே பிரான்ஸுக்கு மேலே, கொண்டுபோன சாண்ட்விச் கல்லாக உறைந்துவிட்டது.

இத்தாலியில் பீசா. மழை. விமானம் சேற்றில் புதைந்து நின்றது. கிளப்பினால் மூக்கு குத்துகிறது. பென்னட் வாலில் தொங்கிப் பாரம் கொடுத்தார். விமானம் ஓடத் தொடங்கியதும் அவரும் கூடவே ஓடினார். ஷியர்ஸ் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். ஃபுட்போர்டில் தொங்கிப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இதே பென்னட், சிங்கப்பூரில் பந்தய மைதானம் சிறியது என்று தெரிந்ததும், விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த இடத்தை விட்டு வெளியே வந்து, முதுகின் மேல் சறுக்கிக்கொண்டே வால்வரை போனார். வால் கனத்தது, விமானம் சீக்கிரம் நின்றது. விமானத்துக்கு பிரேக் கிடையாது, பென்னட்தான் பிரேக்.

மெசபடோமியாவில் ரமாடி என்ற இடத்தில் இரவு புயல் வந்தது. அங்கே முகாமிட்டிருந்த இந்தியக் குதிரைப்படை வீரர்கள் இறக்கைகளைப் பிடித்துக்கொண்டு நின்று, விமானம் தன்பாட்டுக்குப் பறந்துபோகாமல் காத்தார்கள். சம்பளம் குதிரைக்கு, வேலை விமானத்துக்கு. பிறகு கராச்சி, டெல்லி, அலகாபாத். அலகாபாத்தில் ஓடுவதற்குத் தயாரானபோது ஒரு காளை மைதானத்துக்குள் புகுந்து விமானத்தை நேருக்கு நேர் முறைத்தது. இரண்டு எஞ்சினும் உறுமிப் பார்த்தன. காளை அசையவில்லை, பாயவும் தயாரானது. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினுக்கு எதிராக ஒரு மாடு! கடைசியில் ஷியர்ஸ் இறங்கிப் போய் அதை விரட்ட வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலிய ராணுவத்தில் மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தவர் அலகாபாத்தில் ஜல்லிக்கட்டுக் களத்தில் நின்றார். கல்கத்தாவில் கிளம்பும்போது பருந்து வந்து ப்ரொப்பெல்லரில் மோதியது. மாட்டையும் பறவையையும் நாம் முறையாக அனுப்பிவைத்ததுபோல்தான் இருக்கிறது.

இதற்கிடையே எட்டியென் பூலே என்ற பிரெஞ்சுக்காரர் இவர்களுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தார். அவர் ஆஸ்திரேலியர் இல்லை, விமானமும் பிரிட்டிஷ் இல்லை. ஜெயித்தாலும் பத்துப் பைசா கிடைக்காது. ஆனாலும் பிரெஞ்சுக்காரர் அல்லவா, ஆங்கிலேயர் வட்டாரத்தில் பரிசு என்ற பேச்சைக் கேட்டதும் ஒரு மாதம் முன்னாலேயே பாரிஸிலிருந்து கிளம்பிவிட்டார். பர்மாவில் இரண்டு கோஷ்டியும் சந்தித்தன, அங்கிருந்து ரங்கூனுக்குப் பறந்தன. அதற்கு மேல் பூலேவின் விமானம் ஒத்துழைக்கவில்லை.

இந்தப் பயணத்தின் சிகரம் ஜாவா தீவில் சுரபாயா. இறங்கிய மைதானம், கடலைத் தூர்த்து மேலே மண் காயவைத்த இடம். மேல்பொருக்கு உடைந்து விமி உள்ளே இறங்கிவிட்டது. எஞ்சினால் ஆகவில்லை, ஆள் பலத்தால் தள்ளியும் ஆகவில்லை. கடைசியில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தங்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்தார்கள். தரையில், சுவரில், எங்கே இருந்தவையோ தெரியாது. நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தன. அவற்றை வரிசையாக விரித்து, இழுத்துக் கட்டி, அதன்மேல் ஓடித்தான் விமானம் மேலே ஏறியது. அன்றிரவு சுரபாயாவில் எத்தனை குடும்பம் வெறும் தரையில் படுத்தது என்பதை எந்த விமானச் சரித்திரமும் எழுதவில்லை. மனைவிமார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதவும் முடியாது.

டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். 27 நாள் 20 மணி நேரம். கெடு முடிய இரண்டு நாள் பாக்கி. உலகத்தின் மறுபக்கத்திலிருந்து காற்றில் மிதந்து வந்த நான்கு பேரையும் ஆஸ்திரேலியா எப்படி வரவேற்றது? ஓடிவந்த ஊர்ஜனத்துக்கு நடுவே சுங்க அதிகாரியும் சுகாதார அதிகாரியும் சோதனைக்குத் தயாராக நின்றார்கள். உறைந்த சாண்ட்விச்சைத் தவிர இவர்களிடம் என்ன இருந்திருக்கும்? இருந்தாலும் விதி விதிதான்.

இனி நேரக் கணக்கைப் பார்க்கலாம். மொத்தம் 668 மணி நேரத்தில் வானத்தில் இருந்தது சுமார் 136 மணி நேரம். ஆறு நாள்கூட இல்லை. மீதி 22 நாளும் தூக்கம், ரிப்பேர், பெட்ரோல், சேறு, விருந்து. அதாவது பறப்பது சுலபம். நின்றுவிட்ட பிறகு மறுபடி கிளம்புவதுதான் பயணம். அதற்குச் சாட்சி வேறு வேண்டுமா? டார்வினிலிருந்து சிட்னி வெறும் 3,150 கிலோமீட்டர். சொந்த நாடு. கடல் கிடையாது, காளை கிடையாது. அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று! ப்ரொப்பெல்லர் பிளந்தது, ஷியர்ஸ் தகரத்தை வெட்டி ஆணியடித்துச் சரிசெய்தார். சார்லவில் என்ற ஊரில் எஞ்சின் படுத்துவிட்டது. அதைக் கழற்றி, ரயிலில் ஏற்றி, இப்ஸ்விச் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிக் காத்திருந்தார்கள். சிட்னியில் இறங்கியபோது 1920 பிப்ரவரி 14. அண்ணன் தம்பிக்கு சர் பட்டம் கிடைத்தது. வாலில் தொங்கியவருக்கும் மாட்டை விரட்டியவருக்கும் அந்த யோகம் இல்லை. ஆனால் ராஸ் ஸ்மித் பரிசுப் பணத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கு 2,500 பவுண்டு கொடுத்தார். மனுஷன் நல்லவர்.

பரிசு போய்விட்டது என்று தெரிந்தும் கிளம்பிய இருவர் உண்டு: ரே பேரர், ஜான் மக்கின்டாஷ். என் மனம் கவர்ந்தவர்கள் இவர்கள்தான். பீட்டர் டாசன் என்ற ஸ்காட்லாந்து விஸ்கி முதலாளி பணம் கொடுத்தார். பதிலுக்கு விமானத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதவைத்து, பிரதமர் ஹியூஸுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பாட்டில் விஸ்கியும் கொடுத்தனுப்பினார். 1920 ஜனவரி 8 அன்று கிளம்பியவர்கள் ஆகஸ்ட் 2 அன்று டார்வின் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஏழு மாதம். 1787-இல் கைதிகளை ஏற்றிப்போன கப்பலைவிட ஒரு மாதம்தான் முன்னே. வழியில் அவர்கள் விழாத நாடு குறைவு. பாலைவனத்தில் இறங்கியபோது சூழ்ந்துகொண்டவர்களைக் கையெறி குண்டு வீசி விலக்கினார்கள். விமானத்தில் முழுசாக மிஞ்சிய ஒரே பாகம் அந்த விஸ்கி பாட்டில்தான். ஏழு மாதம், இரண்டு இளைஞர்கள், பாலைவனம், காடு, கண்முன்னே ஒரு முழு பாட்டில். திறக்கவில்லை! ஹியூஸிடம் சேர்ப்பித்தார்கள். இன்று கான்பெராவில் போர் நினைவு அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தையும் பாட்டிலையும் வைத்திருக்கிறார்கள். வீரத்துக்கு என்று சொல்கிறார்கள். சுயகட்டுப்பாட்டுக்கு என்பது என் கட்சி.

அடுத்த பத்து வருஷத்தில் நேரம் மளமளவென்று குறைந்தது. 1928-இல் பெர்ட் ஹிங்க்லர் தனியாளாக வந்து பதினைந்தரை நாளில் முடித்தார். 1930 மே மாதம் ஏமி ஜான்சன். ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள். அதுவரை அவர் பறந்த மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து அப்பா வீட்டுக்கு. அடுத்தது ஆஸ்திரேலியா என்று முடிவு செய்தார். நடுவில் வேறு ஊர் எதையும் முயன்று பார்க்கத் தோன்றவில்லை. ஜான்சியில் பெட்ரோல் தீர்ந்து ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்க, சிப்பாய்கள் சிதறி ஓட, விமானம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகி நின்றது. ரங்கூன் அருகே இன்செயினில் பள்ளத்தில் மூக்கு குத்தி இறக்கைத் துணி கிழிந்தது. விமானத் துணிக்கு அங்கே எங்கே போவது? யுத்தத்தில் மிஞ்சிய விமானத் துணியைச் சட்டையாகத் தைத்து யாரோ விற்றிருந்தார்கள். அந்தச் சட்டைகளைக் கொண்டுவந்து பிரித்து இறக்கையில் ஒட்டினார்கள். பர்மாக்காரர்களின் சட்டையை மாட்டிக்கொண்டு விமானம் டார்வின் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதரை நாள்.

1934-இல் ஒரு மிட்டாய் முதலாளி வந்தார். மெல்போர்ன் நகரத்தின் நூற்றாண்டு விழாவுக்காக மேக்பெர்சன் ராபர்ட்சன் லண்டன்-மெல்போர்ன் பந்தயத்தை நடத்தினார். சிட்னிக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இது அவர்கள் வாழ்நாள் எதிரி நகரத்துக்கு. கட்டாயம் தொட வேண்டிய ஊர்களில் நம் அலகாபாத்தும் ஒன்று. ஏமி இந்த முறை கணவர் ஜிம் மோலிசனோடு வந்தார். கராச்சி வரை முதலிடம். அப்புறம் வழி தவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். பந்தய எஞ்சினுக்கான உயர்ரகப் பெட்ரோல் அங்கே கிடையாது. பஸ்ஸுக்கு ஊற்றுவதை ஊற்றினார்கள். எஞ்சின் வெந்துபோய், அலகாபாத்தோடு கதை முடிந்தது. சி.டபிள்யூ.ஏ. ஸ்காட், டாம் கேம்ப்பெல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்தில் மெல்போர்ன் சேர்ந்து ஜெயித்தார்கள்.

இரண்டாவதாக வந்ததுதான் வேடிக்கை. கே.எல்.எம். கம்பெனியின் டக்ளஸ் டி.சி.-2, பெயர் ஊய்ஃபர். பந்தயத்துக்கு மூன்று பயணிகளையும் தபால் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் டச்சுக்காரர்கள். எப்படியும் போகிறோம், சும்மா போவானேன்! வழக்கமான ஸ்டாப்பில் எல்லாம் நின்றார்கள். விட்டுவிட்டு வந்த ஒரு பயணிக்காகத் திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டு வேறு வந்தார்கள். உலகப் பந்தயத்தில்! மெல்போர்னுக்கு முந்தின ராத்திரி இடிமழையில் வழி தவறி ஆல்பரி என்ற சின்ன ஊருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்ட ஊர்க்காரர்கள் தெருவிளக்கு முழுவதையும் அணைத்து அணைத்து எரித்து, மோர்ஸ் சங்கேதத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னார்கள். உள்ளூர் ரேடியோக்காரர், கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பந்தய மைதானத்துக்கு வாருங்கள் என்று அறிவித்தார். கார்கள் வரிசையில் நின்று விளக்கைப் போட்டன. அந்த வெளிச்சத்தில் விமானம் இறங்கிச் சேற்றில் புதைந்தது. விடிந்ததும் ஊரே கயிறு கட்டி இழுத்தது. மெல்போர்ன் போய் இரண்டாம் இடம்.

முந்தின கதாநாயகன் ரே பேரரும் இந்தப் பந்தயத்தில் இருந்தார். 1934 அக்டோபரில் கிளம்பி 1935 பிப்ரவரியில் மெல்போர்ன் சேர்ந்தார். தன் பழைய ஏழு மாதச் சாதனையை நான்கு மாதமாகக் குறைத்த பெருமை அவரைச் சேரும்.

பிறகு டிக்கெட் வாங்கிப் போகும் காலம் வந்தது. 1935-இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் சேர்ந்து லண்டன்-பிரிஸ்பேன் பயணிகள் சர்வீஸைத் தொடங்கின. பன்னிரண்டரை நாள், 195 பவுண்டு. அவ்வளவு கொடுத்து விமான டிக்கெட் வாங்கியவரை, பாரிஸிலிருந்து இத்தாலியின் கோடிவரை ரயிலில் ஏற்றினார்கள். மேலே பறக்க இத்தாலியோடு ஒத்துவரவில்லை. 1938-இல் படகு விமானங்கள். பத்து நாளில் சிட்னி. எழுந்து உலாத்த இடம் உண்டு, சிகரெட் பிடிக்கத் தனி அறை உண்டு, இரவானால் கீழே இறங்கி ஹோட்டலில் தூக்கம். தண்ணீரில்தான் இறங்க முடியும் என்பதால் கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே ஏரி தேடினார்கள். மேவாரின் ராணா ராஜ்சிங் 17-ஆம் நூற்றாண்டில் பஞ்ச காலத்தில் வெட்டிய ராஜ்சமந்த் ஏரி அகப்பட்டது. குடியானவன் குடிக்க வெட்டிய ஏரியில் லண்டன் கனவான்கள் இறங்கித் தேநீர் குடித்தார்கள்.

யுத்தம் வந்தது, 1942-இல் சிங்கப்பூர் விழுந்தது, வழி அறுந்தது. 1943 ஜூலையிலிருந்து குவாண்டாஸ் ஒரு ரகசிய வேலை செய்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரிக்குக் கட்டலினா விமானம். 5,600 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரு தீவில்கூட நிற்காமல். ஜப்பானியர் காதில் விழக் கூடாதென்று ரேடியோ கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். பெட்ரோல் ஏற்றியது போக மிச்சம் இடத்தில் மூன்று பேரும் ஒரு சின்னத் தபால் மூட்டையும். 27 முதல் 33 மணி நேரம். அத்தனை நேரத்தில் இரண்டு முறை விடிந்துவிடும். இறங்கியவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு' உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரகசியப் பயணத்துக்கு அச்சடித்த சான்றிதழ்! முப்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்களுக்கு ஏதாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

யுத்தம் முடிந்ததும் குண்டு விமானத்தை மாற்றி லங்காஸ்ட்ரியன் என்று விட்டார்கள். ஒன்பது பேர் பக்கவாட்டில் வரிசையாக உட்கார்ந்து மூன்று நாள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து கிளம்பி நான்கு நாளில் லண்டன். 29 பயணிகளுக்கு 11 சிப்பந்திகள். கட்டணம் சாதாரணத் தொழிலாளியின் ஒரு வருஷச் சம்பளத்தைத் தாண்டும். ஜெட் வந்ததும் நாள் கணக்கு போய் மணிக் கணக்கு வந்தது. சுவாரஸ்யமும் அதோடு போனது. சேறு இல்லை, பாய் இல்லை, மாடு இல்லை.

ஆனாலும் நடுவில் நிற்காமல் போக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. 1989 ஆகஸ்ட் 17 அன்று குவாண்டாஸ் தன் புது 747-400-ஐ லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே மூச்சில் ஓட்டியது. 20 மணி 9 நிமிடம். உள்ளே மொத்தம் 23 பேர். சரக்கு இல்லை. அடர்த்தி அதிகமான தனி எரிபொருள். அதில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று, ஹீத்ரோவில் ஓடுபாதை முனைவரை விமானத்தை வண்டி வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். எழுபது வருஷம் கழித்தும், யாராவது இழுத்துவிடத்தான் வேண்டியிருந்தது.

2019 நவம்பரில் மறுபடி ஒரு சோதனை. 19 மணி 19 நிமிடம். இந்த முறை விமானிகள் தலையில் மூளை அலைக் கருவி மாட்டி, தூக்கம் எப்படி என்று பார்க்கச் சிறுநீர் மாதிரியும் வாங்கினார்கள். பயணிகளை எழுப்பி உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். அதில் திருப்தியாகி 2022-இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கொக்கல விமானத்தின் நினைவாகத் திட்டத்துக்குச் சூரியோதயம் என்று பெயர். தூரத்துக்கு எரிபொருள் வேண்டும் என்பதால் 238 இருக்கைதான். சாதாரணமாக இந்த விமானத்தில் முந்நூறு பேருக்கு மேல் அடைப்பார்கள். எழுந்து நின்று கைகாலை நீட்டிக்கொள்ள நடுவில் தனி இடம் ஒன்றும் விட்டிருக்கிறார்கள். அங்கே சிகரெட் மட்டும் பிடிக்க முடியாது.